மூன்றாம் வகுப்பு படித்த கேப்டன்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிக்கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டார். நான் யோசித்து முடிப்பதற்குள் விஸ்வேஸ்வரய்யாவை ஒருத்தன் எடுத்துக்கொண்டான். எடிசன் எலக்ட்ரிக்கல் பிரிவுக்குப் போய்விட்டார். கலாம் ஐயாவுக்கு மூன்று பேர் போட்டி. ஆகவே நம் சிலபஸில் எந்த யூனிட்டிலும் வராத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஜோஷுவா ஸ்லோகம். தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வந்த முதல் மனிதர்.

அவர் எழுதிய புத்தகத்தை நூலகத்தில் தற்செயலாகத்தான் எடுத்தேன். முன்னுரையில் அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்று போட்டிருந்தது. எங்க அப்பாவும் மூன்றாம் வகுப்புதான். அதுவும் படகு கட்டுகிற தச்சர். சரி, பார்ப்போமே என்று டிக்ஷ்னரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். முடிக்க இரண்டு மாசம் ஆனது. பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன்.

ஸ்லோகம் 1844-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, இன்றைக்குக் கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். பதினோரு பிள்ளைகளில் ஐந்தாவது. அம்மாவின் அப்பா கலங்கரை விளக்கக் காவலர். அவருக்கு எட்டு வயதானபோது குடும்பம் பிரையர் தீவு என்ற சின்னத் தீவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்பா மீனவர்களுக்கு பூட்ஸ் தைத்து விற்றார். பத்து வயதிலேயே பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அந்தத் தோல் நாற்றத்துக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். பையன் நிலவறையில் ஒளிந்துகொண்டு ஒரு கப்பல் மாடல் செய்துகொண்டிருந்தான். அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தரையில் போட்டு உடைத்தார். பதினான்கு வயதில் மீன்பிடிக் கப்பல் ஒன்றில் சமையல் வேலைக்கு ஓடிப்போனான். சமையல் சரிப்படாமல் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டான். 1860-ல் அம்மா இறந்ததும் கிளம்பினவன்தான், அப்புறம் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை.

சாதாரண மாலுமியாக அயர்லாந்து, இங்கிலாந்து, சீனா என்று போனார். பகலெல்லாம் கயிறு இழுத்துவிட்டு, ஓய்வு நேரத்தில் கணக்கும் திசையறிதலும் தானாகவே படித்தார். பதினெட்டு வயதில் பிரிட்டிஷ் அரசின் தேர்வு எழுதி இரண்டாம் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்தடுத்த அதிகாரி, என்ற சான்றிதழ் வாங்கினார். எனக்கும் இப்போது பதினெட்டு. எனக்கு எம்-2 அரியர் இன்னும் நிற்கிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த இருபது வருஷத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். கொலம்பியா ஆற்றில் சால்மன் மீன் பிடித்தார். 1869-ல் முதல் தடவையாகக் கேப்டன் ஆனார். 1871-ல் சிட்னியில் வர்ஜீனியா வாக்கர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அந்த அம்மா பதின்மூன்று வருஷம் கணவரோடு கப்பலிலேயே குடித்தனம் நடத்தினார். ஏழு பிள்ளைகள் பிறந்தன, மூன்று குழந்தையிலேயே போய்விட்டன. பிலிப்பைன்ஸில் சுபிக் விரிகுடாக் கரையில் ஒரு நீராவிக் கப்பலின் உடலைக் கட்டிக்கொடுத்து, கூலிக்குப் பதிலாக ஒரு சின்னக் கப்பலை வாங்கிக்கொண்டார். 1880-களின் தொடக்கத்தில் நார்தர்ன் லைட் என்ற பெரிய பாய்மரக் கப்பலுக்குக் கேப்டன். அமெரிக்கக் கொடி பறந்த கப்பல்களில் அதைவிட அழகானது அன்று இல்லை என்பது அவர் நினைப்பு.

நல்லதை மட்டும் எழுதினால் மேடைப் பேச்சு ஆகிவிடும். அந்தக் கப்பலில் ஒரு அதிகாரியை விலங்கு போட்டு அடைத்து வைத்ததற்காக நீதிமன்றம் ஸ்லோகமுக்கு 500 டாலர் அபராதம் போட்டது. கோபக்காரர். கடலில் கேப்டன் வைத்ததுதான் சட்டம் என்று வளர்ந்தவர்.

பிறகு அக்விட்னெக் என்ற கப்பலைச் சொந்தமாக வாங்கினார். அது வந்ததிலிருந்து கஷ்டம்தான். 1884-ல் பியூனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் அந்தக் கப்பலிலேயே வர்ஜீனியா இறந்துபோனார். வயது 34. இரண்டு வருஷம் கழித்து உறவுப் பெண் ஹெட்டியை மணந்தார். அந்தப் பெண் தையல்காரி. புது மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்காவுக்குப் போனால், ஒரு இடத்தில் காலரா, ஒரு இடத்தில் பெரியம்மை. மாலுமிகளில் சிலர் செத்தார்கள். இரவில் தாக்க வந்த இரண்டு பேரைச் சுட்டதில் ஒருவர் இறந்தார். வழக்கு நடந்து விடுதலை ஆனார். கடைசியில் 1887 டிசம்பரில், பிரேசில் நாட்டின் பரனாகுவா விரிகுடாவில் கப்பல் மணல் திட்டில் ஏறி உடைந்தது. இன்சூரன்ஸ் கிடையாது. உடைந்த கப்பலை விற்று மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுத்தார். கையில் மிச்சம் ஒன்றும் இல்லை. பெண்டாட்டி, பதினாறு வயது விக்டர், ஏழு வயது கார்ஃபீல்டு, ஊர் பேர் தெரியாத கரை.

இந்த இடத்துக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். எல்லோரும் அவர் உலகம் சுற்றியதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட இதுதான் பெரிசு.

தர்மத்துக்கு டிக்கெட் வாங்கி ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. படகு கட்டி ஊருக்குப் போவது என்று முடிவு பண்ணினார். நம் ஒர்க் ஷாப்பில் கார்ப்பென்டரி ஜாப் செய்யும்போது ஜாக் பிளேன் மொட்டையாக இருக்கிறது, டிரை ஸ்கொயர் ஆடுகிறது என்று நாம் எத்தனை புகார் சொல்கிறோம்! அவரிடம் இருந்த சாமான்களைக் கேளுங்கள். ஒரு கோடாலி, ஒரு வாச்சி, இரண்டு ரம்பம், துளை போட இரண்டு மூன்று துரப்பணம், கரையில் ஒதுங்கிய பழைய பாய்ப்பையில் கிடைத்த ஒரு அரம். அவ்வளவுதான். பாய் தைக்கும் பெரிய ஊசி இரண்டைத் தீட்டி ஆணிக்குத் துளை போடும் பிட் ஆக்கினார். மூலைமட்டத்தைத் தானே செய்துகொண்டார். மூங்கில் சிம்பு இரண்டைச் சேர்த்தால் காம்பஸ். கோடு போடச் சுண்ணாம்புக் கட்டி இல்லை, அடுப்புக்கரியை மாவாக இடித்துத் தண்ணீரில் கரைத்து நூலில் தடவி அடித்தார். உடைந்த கப்பலின் உலோகத்தை எடுத்து ஆணி அடித்தார்கள். ஆணி முனையை மடக்க வாஷர் வேண்டுமே? செப்புக் காசை நடுவில் ஓட்டை போட்டுக்கொண்டார். காசுக்கு இதைவிட நல்ல உபயோகம் அந்தக் காட்டுக்கரையில் வேறு என்ன இருந்திருக்கும்!

மரம் பாதி பழைய கப்பலிலிருந்து வந்தது, பாதி அந்தக் காட்டில் வெட்டியது. வடிவத்தை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. அடிப்பாகம் அமெரிக்க மீனவர்களின் டோரிப் படகு மாதிரி, பாய்கள் சீன சம்பான் மாதிரி. சீனத்துப் பாயில் குறுக்கே குச்சிகள் வரிசையாக இருக்கும், காற்று கூடினால் ஜன்னல் திரையை மடிப்பதுபோல் சீக்கிரம் இறக்கிவிடலாம். ஆட்கள் குறைந்த படகுக்கு அதுதான் தோது என்று பழைய அனுபவத்தில் அவருக்குத் தெரியும். பக்கவாட்டில் மூங்கிலைக் கட்டினார், கவிழ்ந்தாலும் மிதக்கட்டும் என்று. பாய் தைத்தது ஹெட்டி. படகின் நீளம் 35 அடி, அகலம் ஏழரை அடி, ஆழம் 3 அடி. கைக்காசு செலவு நூறு டாலருக்குள்.

1888 மே 13-ந் தேதி படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். அதே நாளில்தான் பிரேசிலில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்தது. அதனால் லிபர்தாதே என்று பெயர் வைத்தார். போர்த்துக்கீசிய மொழியில் விடுதலை என்று அர்த்தம்.

ஜூன் 24-ந் தேதி புறப்பட்டார்கள். 35 அடிப் படகில் கரையோரமாகப் போவது சுலபம் என்று நாம் நினைப்போம். கரை பக்கத்தில்தானே இருக்கிறது, பிரச்சினை என்றால் ஒதுங்கிவிடலாமே என்று. எங்க ஊரில் கடலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். நடுக்கடலில் அலை தூக்கும், இறக்கும், அவ்வளவுதான். கரைக்கு அருகில்தான் அலை உடையும், பாறை இருக்கும், முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். காற்று கரையைப் பார்த்து அடித்தால் ஒதுங்க இடம் கிடையாது. ஸ்லோகம் இவ்வளவும் தெரிந்துதான் போனார். முதல் நாட்களிலேயே பாய்கள் கிழிந்தன. சான்டோஸ் துறைமுகத்திலிருந்து ரியோ டி ஜெனிரோ வரை ஒரு தபால் கப்பல் அவர்கள் படகைக் கயிறு கட்டி இழுத்துப் போனது. உதவிதான், ஆனால் உயிர் போகும் உதவி. ஹெட்டியும் சின்னவனும் பெரிய கப்பலில் ஏறிக்கொண்டார்கள். கேப்டன் சுக்கானில். விக்டர் முன்னால் கோடாலியோடு உட்கார்ந்திருந்தான், படகு தண்ணீருக்குள் இழுபட ஆரம்பித்தால் கயிற்றை ஒரே வெட்டாக வெட்ட. ரியோவைத் தாண்டிய பிறகு ஒரு திமிங்கிலம் படகுக்கு அடியிலேயே வந்து முட்டியது. பாஹியாவில் நின்று பழுது பார்த்தார்கள். பெர்னாம்புகோவைக் கடந்து, பார்படோஸ், போர்ட்டோ ரிக்கோ, பஹாமாவின் ஆழமில்லாத கடல் என்று போய், அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் தென் கரோலினாக் கரையில் ரோமன் முனையைத் தொட்டார்கள். சுமார் 5,500 மைல். கடலில் கழிந்தது ஐம்பத்துச் சொச்சம் நாட்கள்.

அதோடு நிற்கவில்லை. அங்கிருந்து வாஷிங்டன் வரை பெரும்பாலும் உள்நாட்டு நீர்வழியிலேயே போனார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே நீளமான மணல் தீவுகள் உண்டு. அவற்றுக்கு உள்ளே காயல்களும் ஆறுகளும் தொடர்ந்து வரும். வெளியே கடல் கொந்தளித்தாலும் உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். 3 அடி ஆழப் படகு கட்டினது இங்கேதான் பலன் தந்தது. பெரிய கப்பல் இந்தப் பக்கம் மூக்கை நீட்ட முடியாது. கரையோர விவசாயிகளிடம் தானியமும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, நார்ஃபோக் போய், பொடோமாக் ஆற்றில் ஏறி, 1888 டிசம்பர் 27-ந் தேதி தலைநகரில் படகைக் கட்டினார்கள். ஏழு வயதுப் பையன் முதல் எல்லோரும் சுகம். ஹெட்டி மட்டும் இனிமேல் தூரப் பயணமாகக் கடலுக்கு வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். நியாயம்தானே!

இவ்வளவு செய்த மனிதருக்கு ஊரில் வேலை கிடைத்ததா? இல்லை. இதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி.

காலம் மாறிவிட்டது. நீராவிக் கப்பல் வந்துவிட்டது. அதற்குக் காற்று வேண்டாம், பாய் வேண்டாம், பாயைப் பற்றித் தெரிந்த கேப்டனும் வேண்டாம். 1892-ல் ஸ்லோகமுக்கு 48 வயது. முப்பது வருஷம் கற்ற தொழில் இருக்கிறது, ஆனால் அந்தத் தொழில் வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. அவருடைய நார்தர்ன் லைட் கப்பலின் மரங்களை வெட்டிவிட்டு அதை நிலக்கரி ஏற்றும் தெப்பமாக்கி, ஒரு நீராவிக் கப்பலின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். தான் ஓட்டின கப்பலை அப்படிப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்!

எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்க ஊர்க் கரையில் அப்பா கட்டின மரப்படகுகள் ஒரு காலத்தில் வரிசையாக நின்றனவாம். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு குவிந்துவிட்டது. நான் பிறந்ததே அதற்கு அப்புறம்தான். விவரம் தெரிந்ததிலிருந்து அப்பா கதவு, ஜன்னல், கட்டில்தான் செய்கிறார். வாச்சியை மட்டும் எண்ணெய் தடவிப் பரணில் வைத்திருக்கிறார். ஃபைபர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மீனவர்களுக்கு அது லேசு, பராமரிப்பு குறைவு. அப்பாவே அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒப்புக்கொண்ட பிறகும் ராத்திரி கடற்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாரே, அதற்கு என்ன சொல்வது? ஸ்லோகமின் 48-வது வயதைப் படித்தபோது எனக்கு அப்பா முகம்தான் வந்தது.

அந்த நேரத்தில் பழைய திமிங்கில வேட்டைக் கேப்டன் ஒருவர், என்னிடம் ஒரு கப்பல் இருக்கிறது, கொஞ்சம் ரிப்பேர் இருக்கும், எடுத்துக்கொள் என்றார். ஸ்லோகம் ஆசையாக ஃபேர்ஹேவன் என்ற ஊருக்குப் போய்ப் பார்த்தால், மாட்டுப் புல்வெளி நடுவில் முட்டுக்கொடுத்து, தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு ஓட்டைப் படகு! பெயர் ஸ்ப்ரே. ஒரு காலத்தில் சிப்பி அள்ளப் பயன்பட்டது. கேலிக்குக் கொடுத்தாரோ என்னவோ. ஊர்க்காரர்கள் அதை உடைத்து விறகாக்கத்தான் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். ஸ்லோகம் கோடாலியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காட்டில் ஓக் மரத்தை வெட்டி ஏராமரத்திலிருந்து ஆரம்பித்தார். ஏரா என்றால் படகின் முதுகெலும்பு. பிறகு வங்குகள், அதாவது விலா எலும்புகள். நேரான இளமரங்களைச் சீவி, ஒரு பெட்டிக்குள் வைத்து நீராவி விட்டு, இளகியதும் கட்டையின்மேல் வளைத்தார். இதை அப்பாவிடம் சொன்னேன். நாங்கள் பலகையை ஈரம் பண்ணி நெருப்பில் காட்டி வளைப்போம், அவர் பெட்டியில் வைத்தாரா, புத்திசாலி என்றார். நூற்றி முப்பது வருஷத்துக்கு முந்தின ஆள் என்று நான் சொல்லவில்லை. ஏதோ அடுத்த ஊர்த் தச்சரைப் பாராட்டுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தார்.

பழசில் ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் புதுசு போட்டுக்கொண்டே வந்தார். பதின்மூன்று மாசம். பொருளுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். காசு வரை கணக்கு வைத்திருக்கிறார், நம் எஸ்டிமேஷன் சார் பார்த்தால் சந்தோஷப்படுவார். நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம். எஞ்சின் கிடையாது. அதை வைத்து மீன் பிடித்துப் பிழைக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு முடிவுக்கு வந்தார். 1895 ஏப்ரல் 24-ந் தேதி, 51 வயதில், பாஸ்டனிலிருந்து தனியாகக் கிளம்பினார்.

கையில் நல்ல கடிகாரம் இல்லை. இது விளையாட்டில்லை, நண்பர்களே. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுற்றுகிறது. ஆகவே கடிகாரம் ஒரு நிமிஷம் தப்பினால், பூமத்திய ரேகை அருகே கணக்கு 15 கடல் மைல் தப்பும். அவரிடம் இருந்த துல்லியக் கடிகாரத்தைச் சரி பண்ண 15 டாலர் கேட்டார்கள் என்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, வழியில் யார்மத் ஊரில் ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். விலை ஒன்றரை டாலர், முகக் கண்ணாடி உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கொடுத்தார் கடைக்காரர். பின்னாளில் அதற்கு நிமிஷ முள்ளும் போய்விட்டது. ஒரு தடவை அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து ஓட வைத்தார்!

அப்புறம் எப்படி இடம் கண்டுபிடித்தார்? வேகமும் திசையும் வைத்துத் தினமும் போடும் கணக்கு ஒன்று. இன்னொன்று, சந்திரன் வானத்தில் மற்றவற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கோணம் அளந்து நேரத்தைக் கண்டுபிடிப்பது. சந்திரனே கடிகாரம். பசிபிக்கில் 43 நாள் ஓடின பிறகு அப்படி அளந்தார். விடை பல நூறு மைல் மேற்கே காட்டியது. நாமாக இருந்தால் நம் கணக்குதான் தப்பு என்று அழித்திருப்போம். அவர் மறுபடி மறுபடி பார்த்துவிட்டு, அச்சடித்த அட்டவணையையே சந்தேகப்பட்டார். லாகரிதம் அட்டவணையில் ஒரு பத்தியே தப்பாக இருந்தது. அதைத் திருத்திப் போட்டதும் இரண்டு கணக்கும் ஐந்து மைல் வித்தியாசத்துக்குள் வந்துவிட்டன. மூன்றாம் வகுப்பு! டேபிளைத் தப்பு என்று சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை, கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதிவிடுகிறேன்.

பயணத்தை முழுசாகச் சொன்னால் மலரில் வேறு யாருக்கும் பக்கம் இருக்காது. ஜிப்ரால்டர் வரை போய், மத்தியதரைக் கடலில் கொள்ளையர் பயம் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் சொன்னதால் திரும்பி அட்லாண்டிக்கை இரண்டாம் தடவை கடந்தார். தென் அமெரிக்காவின் கீழ்க்கோடியில் மகெல்லன் நீரிணையில் புயலோடு வாரக்கணக்கில் போராடினார். அங்கே ஒரு கப்பல்காரர் கொடுத்த தரைவிரிப்பு ஆணிகளைத் தளம் முழுக்கத் தூவிவிட்டுத் தூங்கினார். ராத்திரி ஏறி வந்த அந்தப் பகுதிப் பூர்வகுடிகள் வெறுங்காலில் மிதித்து அலறிக் குதித்து ஓடினார்கள். புத்தகத்தில் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவர்களுடைய தண்ணீர், அவர்களுடைய கரை என்பதும் எனக்குத் தோன்றாமல் இல்லை. பிறகு சமோவா, ஆஸ்திரேலியா. தென் ஆப்பிரிக்காவில் குரூகர் என்ற ஜனாதிபதி பூமி தட்டை என்று நம்புகிறவர், உலகத்தைச் சுற்றி வருகிறேன் என்று இவர் சொன்னதையே அவர் ஏற்கவில்லை. செயின்ட் ஹெலினா தீவில் ஒரு ஆட்டை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள், அது மேற்கிந்தியத் தீவுகளின் வரைபடத்தைத் தின்றுவிட்டது.

மெக்கானிக்கல் மாணவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் நின்று சொல்லணும். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே தர்ஸ்டே தீவிலிருந்து இந்துமகா சமுத்திரத்தில் கீலிங் கோகோஸ் தீவு வரை 2,700 மைல், 23 நாள். அதில் அவர் சுக்கானைக் கையால் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரம்கூட இல்லை. கயிற்றால் கட்டிவிட்டுப் படித்தார், சமைத்தார், தூங்கினார். படகு தானே நேராகப் போனது. காரணம் மந்திரம் இல்லை. பாய்களில் காற்று தள்ளும் விசையின் மையமும், தண்ணீருக்குள் உடல் எதிர்க்கும் விசையின் மையமும் பொருந்தி நின்றன. ஏரா நீளம், சட்டென்று திரும்பாது. படகு கொஞ்சம் விலகினால் பாயும் சுக்கானும் சேர்ந்து பழைய திசைக்கே கொண்டுவந்துவிடும். இதை அவர் சூத்திரம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் பாய்களை எவ்வளவு இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

1898 ஜூன் 27-ந் தேதி ரோட் ஐலண்டு மாநிலத்தின் நியூபோர்ட்டில் வந்து சேர்ந்தார். மூன்று வருஷத்துக்கு மேல், சுமார் 46,000 மைல். ஸ்பெயினோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம், வரவேற்க யாருக்கும் நேரமில்லை. 1900-ல் புத்தகம் வந்தபோதுதான் பெயர் பரவியது. 1901-ல் ஸ்ப்ரேயை ஹட்சன் ஆற்றிலும் ஈரி கால்வாயிலும் ஓட்டி, பஃபலோ நகரப் பொருட்காட்சிக்குக் கொண்டுபோனார். கடலைச் சுற்றி வந்த படகு வாய்க்காலில் போவதைக் கரையில் நின்று ஜனங்கள் பார்த்தார்கள்.

புத்தகப் பணத்தில் மார்த்தாஸ் வின்யார்டு தீவில் வீடும் நிலமும் வாங்கினார். விவசாயம் ஒட்டவில்லை. குளிர்காலம் வந்தால் தனியாக ஜமைக்கா, கேமன் தீவுகள் பக்கம் போய்விடுவார். 1906-ல் படகைப் பார்க்க வந்த ஒரு சிறுமியிடம் தகாத முறையில் நடந்ததாக நியூ ஜெர்ஸியில் கைதானார். குற்றச்சாட்டை எதிர்த்து வழக்காடவில்லை. 42 நாள் சிறையில் இருந்தார். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நண்பன் சொன்னான். படகு கட்டினவரும் இவர்தான், அந்த ஜெயிலில் இருந்தவரும் இவர்தான். ஒன்றை எழுதி இன்னொன்றை மறைத்தால் அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன பதில்? முதலில் இந்தக் கட்டுரைக்கு மாமனிதர் ஸ்லோகம் என்று தலைப்பு வைத்திருந்தேன், இதைப் படித்த அன்றே அடித்துவிட்டேன்.

அவருடைய கடைசித் திட்டம் ஆற்றுப் பயணம். வெனிசுவேலாவில் ஓரினோகோ ஆற்றில் ஏறி, ரியோ நீக்ரோ ஆற்றுக்குள் நுழைந்து, அமேசானில் இறங்கிக் கடலுக்கு வருவது. வாட்ச் மெக்கானிக் பைத்தியக்காரத்தனமாக நினைத்த திட்டம் இல்லை இது. கசிகியாரே என்று ஒரு இயற்கை வாய்க்கால் நிஜமாகவே ஓரினோகோவிலிருந்து பிரிந்து ரியோ நீக்ரோவில் போய் விழுகிறது. இரண்டு பெரிய ஆற்றுப் படுகைகளைச் சேர்க்கும் அப்படியொரு வழியை மேப்பில் விரல் வைத்துப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். ஆனால் ஸ்ப்ரே அப்போது பழைய ஸ்ப்ரே இல்லை. கயிறுகள் நைந்து, பராமரிப்பு இல்லாமல் இருந்ததைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் அறுபதைத் தாண்டி நாளாகிவிட்டது. கடலிலேயே வாழ்ந்தும் நீச்சல் கற்றுக்கொள்ளாதவர்.

வின்யார்டு ஹேவன் துறையிலிருந்து தனியாகப் பாய் விரித்துப் போனார். ஓரினோகோ முகத்துவாரத்தில் அவரைக் கண்டவர் யாரும் இல்லை. 1924-ல் நீதிமன்றம், அவர் புறப்பட்ட நாள் 1909 நவம்பர் 14 என்றும், அன்றைய தேதியிலேயே இறந்துவிட்டதாகவும் எழுதி வைத்தது. உடல் கிடைக்கவில்லை. ஃபேர்ஹேவன் புல்வெளியில் பதின்மூன்று மாசம் சேர்த்த பலகைகளில் ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை.